கேள்வி–பதில்: நாகஸ்வரம், சீவாளியிலிருந்து அணசு வரை

நாகஸ்வரம் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். வந்த கடிதங்கள் பெரும்பாலும் "குழலில் ஏதோ கோளாறு" என்றே தொடங்குகின்றன. கோயில் மேளத்தில் வாசிக்கும் ஒருவரும் குழல் கடையும் தொழிலில் உள்ள ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். கேள்விகளைச் சுருக்கி, ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: காலையில் சுருதிப் பெட்டியோடு கச்சிதமாகச் சேரும் குழல், சித்திரைத் திருவிழாவில் மதிய நேரத்தில் வாசித்தால் ஏறிப்போய் நிற்கிறது. குழல் கெட்டுவிட்டதா? (மேலூர்)

குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயில் செய்கிற வேலை அது. காற்று சூடானால் ஒலி அதில் வேகமாகப் போகும். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகம் கூடுகிறது. குழலின் நீளம் அப்படியே இருக்க, வேகம் மட்டும் கூடினால் சுருதி ஏறத்தான் செய்யும். உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால், அரைக் கட்டையில் (ஹார்மோனியத்தில் கறுப்பும் வெள்ளையுமாக அடுத்தடுத்து வரும் இரண்டு கட்டைக்கு உள்ள இடைவெளியில்) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். வாசிப்பவரின் மூச்சே குழலை ஓரளவு சூடாக வைத்திருப்பதால் வெளிவெயிலின் ஏற்றம் முழுக்க உள்ளே வராது. ஆனாலும் மார்கழி விடியற்காலைக்கும் மாசி வீதியில் சித்திரை மதியத்துக்கும் உள்ள வித்தியாசம் காதுக்கு நன்றாகவே தெரியும்.

பழைய காலத்தில் இது பெரிய தொந்தரவாக இல்லாததற்குக் காரணம் உண்டு. கூடவே நின்று சுருதியை மட்டும் விடாமல் ஊதும் ஒத்தும் மரக்குழல்தான். வெயிலில் நாகஸ்வரம் ஏறினால் ஒத்தும் கூடவே ஏறும், இரண்டும் சேர்ந்தே இருக்கும். மின்சாரச் சுருதிப் பெட்டிக்கு வெயில் தெரியாது, அது நின்ற இடத்தில் நிற்கும். வெளிவீதி உலாவில் பெட்டியைக் குழலுக்கு ஏற்றபடி திருப்பி வைப்பதுதான் புத்திசாலித்தனம். பெட்டிக்காகக் குழலை வதைக்க வேண்டாம்.

மேடையில் வேறு வாத்தியம் இருக்கிறது, குழலைத்தான் இறக்கியாக வேண்டும் என்றால் கெண்டையை, அதாவது வாயில் வைத்து ஊதும் இதழான சீவாளியைச் செருகும் சிறு உலோகக் குழாயைப் பாருங்கள். கெண்டையின் அடியில் சுற்றியிருக்கும் நூலில் நாலைந்து சுற்று கூட்டினால் அது குழலுக்குள் கொஞ்சம் குறைவாக இறங்கும். மொத்த நீளம் கூடும், சுருதி இறங்கும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேல் துளைகள் திறந்திருக்கும்போது வேலை செய்யும் குழல் குட்டையானது. கீழ் ஸ்வரங்களுக்கு அது நீளமானது. கெண்டையை ஒரே அளவு வெளியே இழுத்தாலும் மேல் துளை ஸ்வரங்கள் அதிகமாக இறங்கும், கீழ் ஸ்வரங்கள் குறைவாக இறங்கும். அதனால் நூல் கூட்டியதும் ஷட்ஜத்தை மட்டும் சேர்த்துவிட்டு எழுந்துபோகாதீர்கள். மேல் ஷட்ஜம், பஞ்சமம், கீழ்ப் பஞ்சமம் மூன்றையும் நீட்டி ஊதிப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இழுத்தால்தான் சேர்கிறது என்றால் நூலை விட்டுவிட்டு, கொஞ்சம் நீளமான வேறு கெண்டையை மாற்றுங்கள்.

மெழுகையும் பார்க்க வேண்டும். ஏழு விரல் துளைகளுக்குக் கீழே உள்ள ஐந்து பிரம்மசுரத் துளைகளை மெழுகால் அரைகுறையாக அடைத்துத்தானே கீழ் ஸ்வரத்தைச் சரிசெய்கிறோம். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். இளகுவதற்கு அவ்வளவு தேவையில்லை. மதுரை வெயிலில் கறுத்த மரத்தின் மேல் இருந்தால் தானாகவே நெகிழும். மெழுகு விலகித் துளை திறந்தால் கீழ் ஸ்வரங்கள் ஏறும். உள்பக்கம் வழிந்து குழலுக்குள் தொங்கினால் சத்தம் கம்மும். உலா நடுவில் ஓய்வு கிடைக்கும்போது குழலைத் துண்டால் மூடிவையுங்கள். தரையிலோ சப்பரத்தின் மேலோ வெயில்பட வைக்காதீர்கள்.

கேள்வி: புதுச் சீவாளி முதல் நாள் ஊதவே முடியாத அளவு கடினமாக இருக்கிறது. பிறகு நன்றாகப் பேசுகிறது. சில வாரத்தில் மேல் ஸ்தாயி போய்விடுகிறது. மட்டமான சரக்கா, நம் பக்குவக் குறைவா? (திருமங்கலம்)

இரண்டுமாக இருக்கலாம். முதலில் ஒரு பொது விதி: நாகஸ்வரத்தில் எந்தக் கோளாறையும் வாயிலிருந்து கீழ்நோக்கித் தேட வேண்டும். சீவாளி, அடுத்து கெண்டை, நூல், மெழுகு, கடைசியில்தான் மரம். பலர் தலைகீழாகத் தொடங்கிக் குழலையே மாற்றிவிட்டு, பழைய சீவாளியைப் புதுக்குழலில் செருகி, மறுபடியும் அதே குறையோடு நிற்கிறார்கள்.

சீவாளி கொருக்கைத் தட்டையில் செய்வது. காவிரிக்கரையில் வளரும் நாணல் இனம். திருவாவடுதுறைப் பக்கம் இதைச் செய்து கொடுக்கும் குடும்பங்கள் இருக்கிறார்கள்; மதுரை வட்டாரத்துக்கும் அங்கிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. தட்டையை அறுத்து, வேகவைத்து, உலர்த்தி, நாள்பட வைத்திருந்துதான் சீவாளி ஆக்குவார்கள். ஈரம் முழுக்கப் போகாத தட்டையில் செய்தது வாசிக்க வாசிக்க வளைந்து கோணும். நல்ல சீவாளியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இரண்டு இதழும் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே சீராக நிழல் காட்டும். ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் வெளிச்சமாகவும் தெரிந்தால் ஒரு இதழ் தடிப்பு. அது எவ்வளவு பழகினாலும் ஒருச்சாய்ந்துதான் பேசும்.

புதுசு கடினமாக இருப்பது இயல்பு. வாசிக்கும் முன் நுனியைச் சில நிமிடம் ஈரத்தில் வையுங்கள். வாயிலேயே வைத்திருந்தாலும் போதும். டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்கள் உண்டு. நெடுநேரம் ஊறினால் தட்டை உப்பி வாய் அகலத் திறந்துகொள்ளும், தம் பிடித்து ஊதினாலும் கனத்துப் பேசும். முதல் சில நாள் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் அதில் வாசிக்கக்கூடாது. நாலு சீவாளியை ஒரே நேரத்தில் பழக்கி, மாற்றி மாற்றி வாசிப்பவருக்கு எப்போதும் இரண்டாவது கைவசம் இருக்கும். ஒன்றையே தேய்ப்பவர் கல்யாண வீட்டில் முகூர்த்த நேரத்தில் விழிப்பார்.

குழலில் செருகாமல் சீவாளியைக் கெண்டையோடு மட்டும் ஊதிப் பாருங்கள். மெதுவாக ஊதும்போதே சத்தம் எழுந்து, அழுத்த அழுத்த உடையாமல் நின்றால் சரி. பலமாக ஊதினால்தான் எழும், எழுந்ததும் அலறும் என்றால் வாய் அகலம். ஈரமாக இருக்கும்போது நுனியை ஓரங்களில் விரலால் மெல்ல அழுத்திச் சிறிது நேரம் பிடித்திருங்கள். மெதுவாக ஊதும்போது பேசி, அழுத்தினால் சட்டென்று அடைத்துக்கொண்டால் வாய் குறுகல். ஊசியை உள்ளே விட்டு நடுவில் கொஞ்சம் எழுப்பிவிட வேண்டும். காய்ந்திருக்கும்போது இதைச் செய்தால் பிளக்கும். அப்படிப் பிளந்த சீவாளிதான் ஊரில் அதிகம்.

உங்கள் கடைசிக் குறைக்கு வருவோம். மேல் ஸ்தாயி போவது இதழ் தளர்ந்துவிட்டதற்கு அடையாளம். தட்டையின் விறைப்பு போனால் மேல் ஸ்தாயிக்கு வேண்டிய வேகத்தில் அது துடிக்காது. ஸ்வரம் இறங்கி நிற்கும், உதட்டால் கடித்து ஏற்றப் பார்ப்பீர்கள், கடிக்கக் கடிக்க வாய் மூடும். இந்த நிலையில் நுனியைச் சீவினால் இன்னும் தளரும். கடினமான சீவாளியைத்தான் சீவ வேண்டும். தளர்ந்ததை வீட்டுச் சாதகத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

சீக்கிரம் தளர்வதற்கு முக்கியக் காரணம் வாய். சாப்பிட்ட கையோடு, வெற்றிலை பாக்கு மென்ற வாயோடு குழலை எடுத்தால் தூளும் சாறும் இதழுக்குள் படிந்து தட்டை ஊறி அழுகுகிறது. வாயைக் கொப்பளித்துவிட்டு ஊதுங்கள். வாசித்து முடித்ததும் சீவாளியைச் சுத்தத் தண்ணீரில் அலசி, உதறி, காற்றுப்படும் டப்பாவில் வையுங்கள். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தோடு மூடினால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

கேள்வி: தாத்தா வாசித்த நாகஸ்வரம் முப்பது வருடமாகப் பரணில் கிடக்கிறது. நேராக எடுத்து ஊதலாமா? (சோழவந்தான்)

வேண்டாம். முப்பது வருடம் காய்ந்த மரத்துக்குள் திடீரென்று ஈர மூச்சு போனால் உள்பக்கம் உப்பும், வெளிப்பக்கம் உப்பாது. அந்த இழுபறியில்தான் குழல் வெடிக்கிறது.

முதலில் அணசையும் (குழலின் அடியில் அகன்று விரியும் வாய்ப்பகுதி) கெண்டையையும் கழற்றுங்கள். அணசு இறுகியிருந்தால் முறுக்கிப் பிடுங்காதீர்கள்; ஒரு நாள் நிழலில் வைத்துப் பிறகு மெல்லச் சுழற்றினால் வரும். உலவை, அதாவது மரக்குழலை, கண்ணுக்கு நேரே பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, நடு பிசகாமல் தெரிய வேண்டும். முட்டை வடிவமாகவோ ஒரு பக்கம் சரிந்தோ தெரிந்தால் மரம் கோணிவிட்டது, வாசிப்புக்கு ஆகாது. பூஜையறையில் வையுங்கள். சரியாக இருந்தால் நீளக் குச்சியில் மெல்லிய பருத்தித் துணி சுற்றி உள்ளே உள்ள தூசி, கூடு, பழைய மெழுகு எல்லாவற்றையும் எடுங்கள். விரல் துளையில் அடைத்திருக்கும் அழுக்கைக் கத்தி முனையால் சுரண்டவே கூடாது. துளையின் விளிம்பு ஒரு மயிரிழை அகன்றாலும் அந்த ஸ்வரம் ஏறிவிடும். ஏறிய ஸ்வரத்தை இறக்க அப்புறம் மெழுகு பூசிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்து கசிவுச் சோதனை. பிரம்மசுரத் துளைகள் ஐந்தின் மேலும் செலோ டேப் ஒட்டுங்கள். ஏழு விரல் துளைகளையும் விரலால் மூடுங்கள். இன்னொருவர் உலவின் கீழ்வாயை உள்ளங்கையால் இறுக்கி அடைக்கட்டும். மேல்வாயில் உதடு பதித்து உறிஞ்சுங்கள். உதட்டை விடாமல் நாலைந்து நொடி பிடித்து இழுத்தால் குழல் நலம். உடனே விட்டுவிட்டால் எங்கோ கசிகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க, சந்தேகப்படும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி மேலிருந்து ஊதினால் குமிழி வரும்.

துளைகளுக்குக் கீழே, அணசுப் பக்கம் மெல்லிய கோடாக வெடிப்பு இருந்தால் அதே மரத்தின் மாவை எபாக்சிப் பசையில் குழைத்து அடைத்து, மேலே நூல் கட்டு போடலாம். தச்சு வேலைக்குப் போடும் வெள்ளைப் பசை உதவாது, மூச்சு ஈரத்தில் இளகிவிடும். வெடிப்பு விரல் துளை வழியாகப் போனாலோ மேல்வாய்ப் பக்கம் இருந்தாலோ நீங்கள் கைவைக்காதீர்கள், குழல் கடைபவரிடம் கொடுங்கள். மேலே குழல் குறுகல், அங்கே சிறு மேடு பள்ளம்கூடச் சுருதியைப் பெரிதாகப் புரட்டும்.

எல்லாம் சரி என்றால் துணியில் சில சொட்டு நல்லெண்ணெய் எடுத்து உள்சுவரில் மெல்லத் தடவி, ஒரு நாள் விட்டு, உலர்ந்த துணியால் துடையுங்கள். வழியவிட வேண்டாம், எண்ணெய் பட்ட இடத்தில் மெழுகு ஒட்டாது. கெண்டையில் பச்சை பூத்திருந்தால் புளித்தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய நூல் திரியை உள்ளே ஓட்டி, நன்றாக அலசிக் காயவையுங்கள். பிறகு பிரம்மசுரங்களில் புது மெழுகு வைத்து, முதல் வாரம் தினம் 10 நிமிடம், அடுத்த வாரம் 20 நிமிடம் என்று பழக்குங்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே துடைத்துவிட்டே வைக்க வேண்டும்.

கேள்வி: ஆச்சா மரத்தில் செய்தால்தான் நாகஸ்வரமா? பித்தளை அணசு நல்லதா, மர அணசா? (வாடிப்பட்டி)

தஞ்சை மாவட்டம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சாவில்தான் செய்கிறார்கள். அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்கள் தேடுவது பச்சை மரமில்லை. பல பத்தாண்டு உத்திரமாகவோ தூணாகவோ இருந்து, இடித்த பழைய வீட்டிலிருந்து கழற்றிய கட்டை. நீர்ச்சத்து முழுக்கப் போன, அடர்த்தியான மரம் இனிமேல் சுருங்கவும் செய்யாது, கோணவும் செய்யாது. கடைசல் பட்டறையில் துளைத்த கூம்பு வடிவம் அப்படியே நிற்கும். ஆச்சாவின் மகிமை அதுதான். மரம் பாடுகிறது என்று சொல்வது பேச்சுக்கு அழகாக இருக்கும், ஆனால் பாடுவது உள்ளே இருக்கும் காற்று. கும்பகோணம் ஆதி கும்பேஸ்வரர் கோயிலில் கல்லிலேயே நாகஸ்வரம் இருக்கிறது. உள்கூம்பின் அளவு சரியாக இருந்தால் கல்லும் பேசும். அளவு பிசகினால் நூறு வருட ஆச்சாவும் பேசாது.

அணசு விஷயத்தில் கடைக்காரர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. விரல் துளைகள் திறந்திருக்கும்போது சத்தம் பெரும்பாலும் அந்தத் துளைகள் வழியாகவே வெளியே வருகிறது, அணசுக்கு வந்து சேர்வது கொஞ்சம். துளைகள் எல்லாம் மூடிய கீழ் ஸ்வரங்களில்தான் அணசு தன் வேலையைக் காட்டும். பித்தளைக்கு மாற்றியதும் மொத்தக் குழலின் நாதமே மாறியதாகத் தோன்றினால், புது அணசின் நீளமும் வாயகலமும் பழையதிலிருந்து மாறியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். வீதி உலாவில் இடிபடும் குழலுக்குப் பித்தளை தாங்கும். பித்தளை கனம் என்பதால் நெடுநேரம் நின்று வாசிப்பவரின் கை வலிக்கும். வாகை மர அணசு லேசு. கீழே போட்டால் உடையும்.

கேள்வி: திமிரி, பாரி: எது வாங்குவது? கட்டைக் கணக்கும் குழப்புகிறது. (அலங்காநல்லூர்)

ஹார்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகள் 1 முதல் 7 வரை. கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது, ஆகவே மூன்றரைக் கட்டைக் குழல் என்று யாராவது விற்றால் ஒரு கேள்வி கேளுங்கள்.

திமிரி குட்டை, சுருதி உயரம். நாலு, ஐந்து கட்டைப் பக்கம். பாரி நீளம், இரண்டு, இரண்டரைக் கட்டை. 2 கட்டையிலிருந்து 5 கட்டைக்குப் போக, சீவாளியையும் சேர்த்து மொத்த நீளத்தில் நாலில் ஒரு பங்கு குறைய வேண்டும். திமிரியின் கூர்மையான சத்தம் திறந்த வெளியில் எட்டிப் போகும், ஆனால் சுத்த மத்தியமம் அதில் இயல்பாக விழாது. ஊதும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி வரவழைக்க வேண்டியிருந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி 1955 வாக்கில் அந்த மத்தியமம் நேராகப் பேசும்படி பாரியைச் செய்து கொடுத்த பிறகுதான் கச்சேரி மேடை முழுக்கப் பாரி பக்கம் சாய்ந்தது.

நையாண்டி மேளத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் மட்டும் என்றால் உயர்ந்த சுருதியே வசதி. கச்சேரியும் கல்யாணமும் கோயிலும் என்றால் பாரி.

கேள்வி: எங்கள் கோயில் திருவிழாவில் மைக் வைத்தால் நாகஸ்வரம் காதைக் குத்துகிறது. மைக் இல்லாவிட்டால் கடைசித் தெருவுக்குக் கேட்கவில்லை என்கிறார்கள். (உசிலம்பட்டி, விழாக் குழு)

மைக்கை அணசு வாய்க்குள் நுழைப்பதுபோல் வைத்திருப்பீர்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான் வைக்கிறார்கள். அணசு பற்றிய பதிலில் சொன்னபடி ஒவ்வொரு ஸ்வரமும் வெவ்வேறு துளையிலிருந்து வருகிறது. அணசுக்கு நேரே மைக் இருந்தால் கீழ் ஸ்வரம் அலறும், மற்ற ஸ்வரம் மெலியும். மைக்காரர் அதைச் சரிசெய்ய வால்யூமைக் கூட்டுவார், அடுத்த கீழ் ஸ்வரத்தில் ஸ்பீக்கர் கதறும்.

குழலின் நடுப்பகுதிக்கு எதிரே, இரண்டு மூன்று அடி தள்ளி, குழலைவிடக் கொஞ்சம் உயரத்தில் மைக்கை நிறுத்துங்கள். வாசிப்பவர் உணர்ச்சியில் குழலை ஆட்டினாலும் அந்தத் தூரத்தில் ஏற்ற இறக்கம் தெரியாது. மிக்சரில் டிரெபிளைக் கூட்டவே வேண்டாம். 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் குறையுங்கள்; நம் காது அந்த இடத்தில்தான் அதிகம் கூசும், இரட்டை இதழ் வாத்தியம் அந்த இடத்தில்தான் அதிகம் கொட்டும். எக்கோ போடாதீர்கள். கல்மண்டபத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் எக்கோ இருக்கிறது.

தவிலுக்குத் தனி மைக், அதுவும் நாகஸ்வர மைக்கிலிருந்து தள்ளி. ஸ்பீக்கர் கலைஞர்களுக்கு முன்னால் இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் வைத்தால் கூச்சல் நிற்காது. கடைசித் தெருவுக்குக் கேட்க வேண்டுமானால் அந்தத் தெருவில் சின்னதாக ஒரு ஸ்பீக்கர் கட்டுங்கள். சன்னிதியில் இருப்பதன் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி அங்கே அனுப்ப வேண்டாம். இன்னொன்று, கேட்காத கேள்விக்குப் பதில்: தீபாராதனைக்கு மோட்டார் வைத்து மணியும் முரசும் அடிக்கும் இயந்திரத்தை, மேளம் வாசிக்கும் நேரத்திலாவது நிறுத்திவையுங்கள். அதற்குத் தாளமும் கிடையாது, சுருதியும் கிடையாது.

கேள்வி: ஒத்து ஊதுபவர் மூச்சே விடாமல் எப்படி ஊதுகிறார்? (மதுரை, செல்லூர்)

மூச்சு விடுகிறார், மூக்கு வழியாக. கன்னத்தில் காற்றைச் சேர்த்துவைத்து, அதைக் கன்னத் தசையால் சீவாளிக்குள் தள்ளிக்கொண்டிருக்கும் அந்த அரை நொடியில் மூக்கால் இழுத்துக்கொள்வார். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்துக் குமிழி நிற்காமல் ஊதிப் பழகலாம். குமிழி நிற்காமல் வந்த பிறகும் ஒத்தில் சுருதி ஆடும், ஏனென்றால் கன்னத்தின் அழுத்தமும் நெஞ்சின் அழுத்தமும் ஒன்றாக இருக்காது. அதைச் சமமாக்குவதில்தான் மாதக் கணக்கில் உழைப்பு. ஒத்துக்கு விரல் துளை இல்லை. கீழே உள்ள துளைகளை மெழுகால் அடைத்தோ திறந்தோ நாகஸ்வரத்தின் சுருதிக்குக் கொண்டுவருவார்கள்.

கேள்வி: சுவாமி புறப்பாட்டில் முதலில் வாசிப்பது எப்போதும் ஒரே மாதிரி கேட்கிறதே, அது என்ன? (திருப்பரங்குன்றம்)

மல்லாரி. கம்பீரநாட்டை ராகத்தில், பாட்டு வரி இல்லாமல், தவிலின் சொற்கட்டுக்கு ஏற்றபடி வாசிப்பது. முதலில் நிதானம், பிறகு இரட்டிப்பு, அதற்கும் மேல் ஒரு வேகம். கம்பீரநாட்டையில் ரிஷபமும் தைவதமும் கிடையாது, ஐந்தே ஸ்வரம், அதனால்தான் தூரத்திலிருந்து கேட்டாலும் அடையாளம் தெரிகிறது. தேருக்குத் தேர் மல்லாரி, திருமஞ்சனத் தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி, மடப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி. மதிலுக்கு வெளியே நிற்கிற ஆளுக்குக்கூட உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். இரவு பள்ளியறையில் நீலாம்பரி.

கேள்வி: பதினொரு வயது மகள் நாகஸ்வரம் கற்க ஆசைப்படுகிறாள். பெண் பிள்ளைக்கு தம் போதுமா? எங்கே சேர்ப்பது? (மேலமாசி வீதி)

தம் பற்றிக் கவலை வேண்டாம். மதுரையிலேயே எம்.எஸ். பொன்னுத்தாய் பெயரைப் பழைய ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள். காலீஷாபி மெஹபூப் கணவரோடு சேர்ந்து 2020இல் பத்மஸ்ரீ பெற்றவர். அந்த வயதில் தடையாக இருப்பது விரல்தான். பாரியில் துளைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். கீழ்க்கையின் சுண்டுவிரல் ஏழாவது துளைக்கு எட்டாமல் ஓரத்தில் கசியும், பிள்ளை தனக்கு வாசிப்பு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். குட்டையான குழலில் தொடங்குங்கள். துளையை விரல் நுனியால் மூடாமல், நுனிக்குக் கீழே உள்ள சதைப் பகுதியால் மூடச் சொல்லுங்கள்.

முதல் ஆறு மாதம் வாய்ப்பாட்டும் கூடவே போக வேண்டும். அரை ஸ்வரங்களை விரலைப் பாதி விலக்கியும் மூச்சை மாற்றியும்தான் கொண்டுவர வேண்டும், குழலில் அதற்குத் தனித் துளை கிடையாது. காதில் ஸ்வரம் இல்லாத பிள்ளைக்கு விரல் எவ்வளவு விலக வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. துத்துகாரத்தை, அதாவது நாக்கால் தட்டிக் காற்றைப் பிரித்து விடுவதை, சரளி வரிசையிலேயே பழக்க வேண்டும். பின்னால் வராது.

பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாகஸ்வரம் மூன்றாண்டுப் படிப்பு. சேரும் வயதையும் தேதியையும் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். பழனி தேவஸ்தானமும் நாகஸ்வரம், தவில் பள்ளி நடத்துகிறது. மேலமாசி வீதியில் இருந்துகொண்டு மீனாட்சியம்மன் கோயில் மேளத்தை மாலையில் தினமும் கேட்காமல் விடாதீர்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: அண்ணன் தம்பி இருவரும் இரட்டை நாகஸ்வரம் வாசிக்கிறோம். தனித்தனியாகச் சேர்கிறது, சேர்ந்து வாசித்தால் அடித்துக்கொள்கிறது. (அழகர்கோவில்)

ஷட்ஜத்தை மட்டும் வைத்துச் சேர்த்திருப்பீர்கள். இரண்டு குழலும் ஒரே பட்டறையில் ஒரே சமயத்தில் கடைந்தவை என்றால் பாதித் தொல்லை இல்லை. இல்லாவிட்டால் இப்படிச் செய்யுங்கள். இருவரும் சீவாளி, கெண்டை இரண்டையும் மாற்றிக்கொண்டு வாசியுங்கள். பிசகு சீவாளியோடு கூடவே போனால் சீவாளியில் குறை; குழலோடு நின்றால் குழலில் குறை. குழல்தான் என்றால் பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி ஒவ்வொரு ஸ்வரமாக இருவரும் நீட்டுங்கள். எந்த ஸ்வரத்தில் சத்தம் அலை அலையாக அதிர்கிறதோ அந்தத் துளையில், ஏறி நிற்கும் குழலில், மேல் விளிம்பில் கடுகளவு மெழுகு. அலை மெதுவாகி நின்றுவிட்டால் சேர்ந்துவிட்டது. இறங்கி நிற்கும் குழலின் துளையை அகலப்படுத்தி ஏற்றப் பார்க்காதீர்கள். மெழுகைச் சுரண்டி எடுத்துவிடலாம், மரத்தைத் திரும்ப வைக்க முடியாது.

சீவாளிகளை ஜோடி ஜோடியாக வாங்கி, ஜோடியாகவே பழக்கி, ஜோடியாகவே மாற்றுங்கள். அண்ணன் புதுசிலும் தம்பி தளர்ந்ததிலும் வாசித்தால் மேல் ஸ்தாயியில் எந்த மெழுகும் காப்பாற்றாது. வாசிக்கத் தொடங்கும் முன் இருவரும் பத்து நிமிடம் ஊதிக் குழலைச் சூடாக்கிய பிறகே சுருதி சேருங்கள்.